லோத்குண்டா ஒற்றரின் ஆறடித் தூண்டில்

செகந்தராபாத்தை ஒட்டிய எங்கள் லோத்குண்டாவில் ஓர் ஒற்றர் இருக்கிறார் என்று எனக்குச் சொன்னவர் அனந்தராமன், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஒற்றருக்கு வயது ஐம்பத்தெட்டு, லேசாகச் சர்க்கரை உண்டு, உப்பலில் வேலை, பெயர் கொர்னேலியஸ் என்பது வரை விவரம் வைத்திருந்தார். எந்த நாட்டுக்காக உளவு பார்க்கிறார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. தெருவின் இந்த முனையில் ஒரு நாட்டைச் சொன்னார்கள், அந்த முனையில் வேறொரு நாட்டை.

"நான் சொல்லலே, எங்க வாட்ச்மேன் கண்ணால பாத்திருக்கான்," என்றார் அனந்தராமன். "ஞாயித்துக்கிழமை கார்த்தால ராணுவ நிலத்து ஓடைக்குப் போறார். புதருக்குள்ள நுழையறார். பையிலேர்ந்து ஒரு ஏரியலை எடுத்து இழுத்து இழுத்து நீட்டறார். காதுல ஒயர். கொஞ்ச நாழி கேக்கறார், அப்புறம் பதில் சொல்றார். மறுபடியும் கேக்கறார், மறுபடியும் பதில். நடுவுல எழுந்து நிக்கறார். உக்காரறார். திடீர்னு மண்டி போடறார்."

"மண்டி எதுக்கு?"

"சிக்னல் கீழ கிடைக்கறதோ என்னமோ!"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ராணுவ நிலத்துச் சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. காலையிலும் மாலையிலும் நடப்பவர்களுக்காகத் திறந்து வைக்கிறார்கள். எழுத்தில் எந்த உரிமையும் கிடையாது, வெறும் கருணை. ஒருவர் தப்புச் செய்தால் காலனி மொத்தத்துக்கும் பூட்டு. காலனியின் இரத்த அழுத்தம், முட்டிவலி, மருமகள் பற்றிய பேச்சு எல்லாமே அந்தக் கதவை நம்பித்தான் இருந்தன.

"கூட்டத்துல வந்து விளக்கம் சொல்லுங்கோன்னு கேட்டுட்டேன். 'பர்சனல்'ங்கறார்," என்றார் அனந்தராமன். "வர்ற கூட்டத்துக்குள்ள வாயைத் திறக்கலேன்னா நாமே ராணுவத்துக்கு எழுதிக் கொடுத்துடறதா முடிவு. நாம முந்திண்டா அந்தக் கதவாவது தப்பிக்கும்."

எங்கள் காலனியில் பர்சனல் என்று சொல்லித் தப்பித்தவர் இதுவரை இல்லை. கொர்னேலியஸ் கைதாகலாம், ஆகாமலும் போகலாம். அந்தக் கடிதம் போய்விட்டால் ஓடைப் பக்கம் அவர் இனி தலை காட்ட முடியாது என்பது மட்டும் நிச்சயம். எனக்கும் முட்டிவலி உண்டு. வதந்தியைச் சரிபார்த்துவிடுவது என்று அடுத்த ஞாயிறு கிளம்பினேன்.

கொர்னேலியஸை எனக்குப் பார்த்தால் தலையசைக்கும் அளவுக்குத் தெரியும். தாத்தா அரக்கோணத்திலிருந்து லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வந்தவர். அப்பாவும் அதே பட்டறை. கொர்னேலியஸுக்கு ரயில்வே கிடைக்கவில்லை, ஃபைபர்கிளாஸ் கிடைத்தது. உப்பலில் தண்ணீர்த் தொட்டியும் கதவும் வார்க்கிற ஒரு கம்பெனியில் கொள்முதல் மேனேஜர். சனிக்கிழமையும் வேலை. மனைவி லோயிஸ், பள்ளியில் கணக்கு டீச்சர், சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். அந்த வீட்டுக்குத் தலைவர் கொர்னேலியஸ். எந்தச் சங்கத்திலும் தலைவர் என்ன செய்வார், செயலாளர் என்ன செய்வார் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

ஓடை அப்படியொன்றும் பெரியதில்லை. ராணுவ நிலத்துக்குள் வீடுகள் கிடையாது, அதனால் காலனிகளுக்குள் நுழைந்து சாக்கடை ஆகும் வரைக்கும் அதில் தண்ணீர்தான் ஓடுகிறது. இரு கரையிலும் உண்ணிச்செடி, கருவேலம், ஆள் உயரப் புல். கிளைகள் மேலே கைகோத்துக்கொண்டு கூரை மாதிரி கிடக்கும். கொட்டாவி விடுவதானால்கூட அண்ணாந்து இடம் பார்த்துத்தான் விட வேண்டும்.

கொர்னேலியஸ் ஒரு கல்லின்மேல் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கையில் ஏரியல். காதில் ஒயர். உதடுகள் அசைந்தன, நின்றன, அசைந்தன. வாட்ச்மேன் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனிதர் கல்லைவிட்டு இறங்கி ஈர மண்ணில் மண்டியிட்டார்.

என் காலடியில் ஒரு சுள்ளி முறிந்தது.

"யாரு? அனந்தராமன் அனுப்பினாரா?" திரும்பாமலே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினார். "ஷ்! பாவ அறிக்கை ஓடுது. முடியட்டும்."

முடிந்தது. எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு, ஒயரின் ஒரு முனையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன். எதிரி நாடு எதுவும் பேசவில்லை. செகந்தராபாத்தில் அவருடைய தமிழ்ச் சபையின் போதகர் பேசிக்கொண்டிருந்தார்.

"சர்ச்சா?"

"ஹவ்," என்றார், ஹைதராபாத் பாணி 'ஆமாம்'. "ஆறரை மணி ஆராதனை. லைவ்."

"இங்க உக்காந்துகிட்டா?"

"எங்க உக்காந்தா என்ன சார்? அங்க தூண்ல சாஞ்சிக்கிட்டுக் கேப்பேன், பாதியில தூக்கம் வந்துடும். இங்க முழிச்சிருக்கேன்."

கொரோனாக் காலத்தில் சபை ஆராதனையைக் கைபேசிக்குள் கொண்டுவந்தது. நோய் போன பிறகும் கேமரா போகவில்லை. லோயிஸ் பாடகர் குழுவில் இருப்பதால் ஒன்பது மணி ஆராதனைக்குப் போகிறவர். கொர்னேலியஸுக்கு ஆறரை மணி. முடித்துக்கொண்டு அப்படியே போவன்பள்ளி போய்க் காய்கறி வாங்கி வருவது ஏற்பாடு. போவன்பள்ளிக்கு இப்போதும் ஒழுங்காகப் போகிறார். அதற்கு முந்திய பாதிதான் ஓடைக்கு இடம் மாறியிருந்தது. வேதாகமப் பையில் ஒரு பக்கம் வேதாகமம், மறு பக்கம் தூண்டில். அப்பமும் திராட்சரசமும் தருகிற ராப்போஜனம் இருக்கிற ஞாயிறு மட்டும் நேரில் போய்விடுவார். அதைக் கைபேசி வழியாக வாங்க முடியாது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

"அப்ப கேக்காமலே விட்டா என்ன? மீன் மட்டும் பிடிக்கலாமே."

"நீங்க லோயிஸைப் பாத்ததில்ல. மத்தியானம் சாப்பாட்டுல உக்காந்தவுடனே, 'பாஸ்டர் இன்னைக்கு என்ன சொன்னாரு?' ரெண்டு ஆராதனைக்கும் ஒரே பிரசங்கம் சார். ஒரு பாயின்ட் விட்டாலும் மாட்டிக்குவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்காக மட்டும் கேக்கறேன்னு நினைச்சிடாதீங்க. கேக்கலன்னா எனக்கே வாரம் விடிஞ்ச மாதிரி இருக்காது," என்றார்.

"கூட்டத்துல இதைச் சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுதே."

"கைக்கு, எதுக்கு சார்? அங்க சொன்னா நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள லோயிஸ் காதுக்குப் போயிடும். ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போறேன்னு லோயிஸ் கிட்ட சொல்றதைவிட, ஒற்றன்னு ஒத்துக்கறது ஈஸி. ராணுவத்துல விசாரணையாவது நடக்கும்."

ஏரியல் விவகாரம் இப்படி. மகன் ஜோனத்தன் ஜப்பானில் வேலை. போன வருட விடுமுறையில் அப்பாவுக்கு ஒரு டென்காரா தூண்டில் கொண்டுவந்தான். மலையோடையில் மீன் பிடிக்க அந்த ஊர்க்காரர்கள் வைத்திருப்பது. சுற்றுகிற சக்கரம் எல்லாம் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்களை இழுத்து நீட்டினால் கம்பு. நுனியில் நூல், நூலின் முனையில் ஒரு போலி ஈ. அவ்வளவுதான் கருவி. ஜோனத்தன் கொண்டுவந்தது பன்னிரண்டு அடி, கார்பன், இறகு மாதிரி இருக்கும். முதல் நாளே ஓடைக்கு எடுத்துப் போய் ஓங்கி வீசினார். தூண்டில் கருவேலத்தில் மோதி, அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு போய்ச் சேர்ந்தது.

"கார்பன்ங்கறது ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கற பையன் மாதிரி. ஒரு அடி தாங்காது, உடனே உடைஞ்சிடும்," என்றார் கொர்னேலியஸ். இந்தத் தத்துவம் முழுக்க ஃபைபர்கிளாஸ் கம்பெனி மேனேஜருடையது என்பதைக் கவனிக்கவும். "ஃபைபர்கிளாஸ் கடைசி பெஞ்சு. அடிச்சா வளையும், திட்டினா வளையும், சாயங்காலம் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்கு வரும். ஜோனத்தன் கிட்ட சொல்லி ஆறடியில ஃபைபர்கிளாஸ் வரவழைச்சேன். இந்தப் புதருக்குள்ள ஆறடிக்கு மேல ஒரு அங்குலம் ஆகாது."

வீசியும் காட்டினார். வீசுவதென்றால் தலைக்கு மேல் சுழற்றுவதில்லை, அதற்கு இடம் கிடையாது. ஈயை இரண்டு விரலில் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். கம்பு வில்லாக வளைந்தது. குறி பார்த்து விட்டார். ஈ கிளைகளுக்கு அடியில் பறந்து எதிர்க்கரை நிழலில் போய் விழுந்தது. நாட்டுக்கோழி இறகில் சிவப்பு நூல் சுற்றிய ஈ. நூல் லோயிஸின் தையல் பெட்டியிலிருந்து வந்தது. இதுவும் சொல்லாமல் எடுத்ததுதான்.

பிடிப்பதெல்லாம் விரல் நீளக் கெண்டை. பிடித்த கையோடு விட்டுவிடுகிறார். வீட்டுக்குக் கொண்டுபோனால் விளக்கம் சொல்ல வேண்டுமே.

"பெரிய தூண்டில்ல இந்த மீன் மாட்டினா மாட்டினதே தெரியாது சார். இதுல மாட்டினா சுறா மாட்டின மாதிரி இருக்கும்."

"அப்ப சுறாவே பிடிச்ச சந்தோஷம்."

"ஹவ். சுறா இல்லாம."

இந்தப் பேச்சில் நாங்கள் இருவரும் பின்னால் வந்த பூட்ஸ் சத்தத்தைக் கவனிக்கவில்லை.

"ஹாத் ஊபர்!"

கையைத் தூக்கினோம். கொர்னேலியஸ் தூண்டிலோடு தூக்கினார். இப்போது அது நூற்றுக்கு நூறு ஏரியலாகத் தெரிந்தது. காவலுக்கு நின்ற ஜவான், ஹரியானாக்காரர், வளர்த்தியான ஆள். தூண்டிலைப் பறித்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். நூல் தொங்கித் தண்ணீரில் கிடந்ததை அவர் பார்க்கவில்லை. வாக்கிடாக்கியில் இரண்டு வார்த்தை பேசினார். சற்று நேரத்தில் புல்லை விலக்கிக்கொண்டு சுபேதார் வந்தார். சட்டையில் பெயர் ரகுநாதன். நாங்கள் முணுமுணுத்த தமிழைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விலகி இன்னொன்று வந்தது.

"இன்னா சார் இது? வாரா வாரம் ரிப்போர்ட்டு மேல ரிப்போர்ட்டு வருது. நீங்கதானா அது?" குடியாத்தம் பக்கத்துப் பேச்சு.

"மீன் பிடிக்கிறேன் சார்."

"மீன் பிடிக்கிறவங்க மீனோட பேசுவாங்களா? பதில் சொல்றாருன்னு எழுதியிருக்குது. இன்னா பதில்?"

"ஆமென்."

சுபேதார் ஜவானைப் பார்த்தார். ஜவான் விறைப்பாக நின்றார்.

"எழுந்து எழுந்து நிக்கறீங்களாமே?"

"நற்செய்தி வாசிக்கும்போது நிக்கணும் சார்."

"மண்டி போடறது?"

"பாவ அறிக்கை."

"இன்னா பாவம்?"

"பொதுவான பாவம் சார். எல்லாருக்கும் உள்ளது."

"போனைக் காட்டுங்க."

கொர்னேலியஸ் ஒயரை உருவினார். கைபேசி சத்தமாகப் பேச ஆரம்பித்தது. சின்னத் திரையில் பலிபீடம், பூ, போதகர். நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். ஒற்றர் கேஸ் அந்த இடத்திலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. சுபேதார் சிரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அப்போது போதகர், இன்று பெண்கள் ஞாயிறு என்றும், முதல் பாடத்தைத் திருமதி லோயிஸ் கொர்னேலியஸ் வாசிப்பார் என்றும் அறிவித்தார்.

கொர்னேலியஸ் முகம் போன போக்கைப் பார்த்து, இப்போதுதான் சந்தேகப்பட வேண்டிய ஆள் மாதிரி இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"நேத்து சாப்பிடும்போது என்னமோ சொன்னா," என்றார் மெல்ல. "நான் மனசுக்குள்ள ஈ கட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். ஹவ், ஹவ்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"இப்பதான் சார் ஞாபகம் வருது. 'நாளைக்கு நானும் ஆறரைக்கு வரேன். நீங்க முன்னாடி போய் முதல் பெஞ்சுல உக்காருங்க, உங்களைப் பாத்தா எனக்குப் பயம் இருக்காது'ன்னா."

திரையில் லோயிஸ் படியேறினார். பச்சைப் பட்டு, தலையில் முக்காடு. புத்தகத்தைத் திறக்கும் முன் ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு வாசிக்கத் தொடங்கினார். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய குரல்தான், ஆனால் முதல் வரியில் கொஞ்சம் நடுங்கியது.

"சாப்! சாப்! மச்லி!"

மீன் மாட்டி, ஜவான் கையிலிருந்த சாட்சியம் துள்ள ஆரம்பித்திருந்தது. கம்பு நுனியிலிருந்து பிடி வரைக்கும் வளைந்து நடுங்கியது. துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்தவருக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றிச் சுருட்டச் சக்கரத்தைத் தேடினார், அது இல்லை. இழுத்தார். மேலே கிளையில் மோதியது. ஃபைபர்கிளாஸ் வளைந்து கொடுத்தது.

கொர்னேலியஸ் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மனைவி வாசித்துக்கொண்டிருந்ததால் சத்தமும் போடவில்லை. "நக்கோ, நக்கோ," என்று, இழுக்காமல் மெல்லப் பின்னால் போகும்படி கிசுகிசுத்தார். "கீஞ்சோ மத். ஆராம் சே. பீச்சே ஜாவ், பீச்சே."

ஜவான் ஓரடி ஓரடியாகப் பின்வாங்கி உண்ணிச்செடிக்குள் போனார். தண்ணீரிலிருந்து வாலருகே கரும்புள்ளி வைத்த ஒரு கெண்டை எழும்பி வந்தது, கட்டைவிரல் கனம்கூட இருக்காது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற ஜவானுக்கு முகமெல்லாம் பல். வாசிப்பு முடிந்தது. நான்கு பேரில் ஒருவர் மட்டும் ஆமென் சொன்னார்.

சுபேதார் தொப்பியைச் சரிசெய்தார். "ஏரியல்ல மீன் மாட்டாது. எங்க பக்கத்துல உங்க மேல கேஸ் எதுவும் இல்ல சார்." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "அந்தப் பக்கத்து கேஸை நீங்கதான் பாத்துக்கணும். ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. மீன் பிடிச்சா மீன் மட்டும் பிடிங்க. சாமி கும்பிட்டா சாமி மட்டும் கும்பிடுங்க. ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா எங்களுக்குக் கொழம்புது."

கொர்னேலியஸ் தூண்டிலை மடக்கிய வேகத்தில் ஒரு துண்டு உள்ளே போகாமல் சிக்கியது. அதை அப்படியே பையில் திணித்துக்கொண்டு ஓடினார். சரிபார்க்க வந்தவன் பாதியில் இறங்குவது முறையில்லை என்று நானும் அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை விட்டு, முற்றத்தில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லோயிஸ் பெண்கள் நடுவில் நின்று கையில் பன்னை வைத்துக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை. கணவரை முழுக்கப் பார்த்தார். முட்டி இரண்டிலும் சேறு. பையிலிருந்து ஒரு முழக் கம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெண்களை விட்டு நகர்ந்து வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"எங்க இருந்தீங்க?"

"கேட்டேன் லோயிஸ். முழுசாக் கேட்டேன். நல்லா வாசிச்சே. மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம், அவ்வளவுதான்."

"எங்க இருந்துன்னு கேட்டேன்."

கொர்னேலியஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். ஓடை, லைவ், ஜவான், கெண்டை, தையல் பெட்டி நூல் உட்பட. லோயிஸ் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவரு யாரு?"

"சாட்சி," என்றார் கொர்னேலியஸ்.

"சாட்சியைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்காரி கிட்ட வர்ற அளவுக்கு ஆயிடுச்சு." பன்னைக் காகிதத்தில் சுற்றினார். "ஏங்க, மீன் பிடிக்கணும்னா சொல்லிட்டுப் பிடிங்க. நான் என்ன கம்பை உடைச்சா போடுவேன்? உங்க மகன் போன்ல சொல்லிட்டான், கம்பு அனுப்பினேன், அப்பாவுக்குப் பிடிச்சுதான்னு. எனக்கு அப்பவே தெரியும். எப்ப நீங்களா சொல்றீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அது இல்ல இப்ப. ஒரு தடவை அங்க ஏறி நின்னேன். கீழ பாத்தா நீங்க உக்கார வேண்டிய எடத்துல எவரோ குடையை வெச்சிருக்காங்க."

கொர்னேலியஸ் பையிலிருந்து நீட்டிய கம்பை உள்ளே அழுத்திப் பார்த்தார். பிரசங்கத்தின் எந்தப் பாயின்டும் இதற்கு உதவவில்லை.

"ஒரு வாசிப்பு எனக்குக் கடன் வெச்சிருக்கீங்க. ஞாபகம் வெச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு லோயிஸ் ஒன்பது மணி ஆராதனைக்குப் பாட உள்ளே போனார்.

அந்த வாரக் கூட்டத்தில் கொர்னேலியஸ் எழுந்து நின்று விளக்கம் சொன்னார். இனி மறைக்க என்ன இருக்கிறது? அனந்தராமன் கடிதத்தை எழுதவில்லை. ஆனால் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. இரும்புக் கதவு திறந்தே இருக்கிறது. ஒரு நல்ல ஒற்றரை இழந்த காலனி இப்போது ஒரு வீட்டு மாடித் தோட்டத்தைச் சந்தேகித்து வருகிறது. கொர்னேலியஸ் ஞாயிறு காலையில் சபைக்குப் போகிறார், மாலையில் ஓடைக்கு. காதில் ஒயர் கிடையாது. அந்த ஹரியானாக்காரர் பணி முடிந்த நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எனக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று தூண்டிலை வாங்கிக்கொள்வதாகக் கேள்வி. அதை நான் சரிபார்க்கப் போகவில்லை.

கடன்தான் அடைபடவில்லை. பெண்கள் ஞாயிறு வருடத்துக்கு ஒரு தடவை. பாடம் வாசிப்பது சபையில் முறை வைத்து வருவது. அடுத்த வருடம் வேறொருவர், அதற்கடுத்த வருடம் இன்னொருவர். கொர்னேலியஸ் போதகரிடம் போய், வேறு ஏதாவது ஞாயிறு ஒரு வாய்ப்புக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முறையை மாற்றினால் பெண்கள் ஐக்கியத்தில் பிரச்சினை வரும் என்றார் போதகர். ஐக்கியத்தின் செயலாளரிடமே கேளுங்கள் என்றும் சொன்னார். செயலாளர் லோயிஸ். முறை மாறாது என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரு மாலை வீட்டு ஹாலில் கோட்டும் டையும் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "இப்ப வாசி லோயிஸ், முதல் பெஞ்சுல இருக்கேன்," என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். லோயிஸ் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "வீட்டுல வாசிச்சா கணக்குல சேராது," என்றாராம்.